தங்கவயலின் விரல் ரேகை

மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் பொழுது புலருமுன்னரே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல், சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறிச் சென்று பிழைத்து வருகின்றனர். காவற்பணி, கட்டட வேலை, கடைச் சிப்பந்தி வேலை, கணிப்பொறி அலுவலகம் என வேலைகள் பலவாகும். ஆயினும் அவர்களுள் மிகப் பலர், வேலைக்குச் சென்றவுடன் வாயிலில் செய்யும் முதற் காரியம் ஒன்றே. சிறு கருவி ஒன்றின்மேல் விரலை வைக்கின்றனர். அல்லது அதன் முன் முகத்தைக் காட்டுகின்றனர். கருவி ஒலி எழுப்பினால் அவர் இன்று வேலைக்கு வந்தவர் ஆகிறார். ஒலிக்காவிடில் அவர் வந்தும் வராதவரே.

இதனை இன்றைய இளைஞர் எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் இதே தங்கவயலில், இதே விரல் ரேகைக்காக, எங்கள் பாட்டன்மார் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைக்குச் செல்லாமல் நின்ற காலம் ஒன்று உண்டு. அது 1930-ஆம் ஆண்டு. உப்புக்காகக் காந்தியடிகள் தண்டிக்கு நடந்த அதே ஆண்டு. உப்பின் கதை நாடறியும். ரேகையின் கதையைத் தங்கவயலிலேயே பலர் அறியார். மும்பைத் தாராவியிலும், தில்லியிலும், புனேயிலும், பத்ராவதியிலும் இருந்து கேட்கும் அன்பர்களுக்கு அக்கதையைச் சொல்லி, அதிலிருந்து இன்றைய நிலைமை வரை வருவதே எங்கள் நோக்கம்.

தங்கவயலின் சுரங்கங்களை 1880-ஆம் ஆண்டு முதல் நடத்தியவர்கள் லண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனியார். பூமிக்குக் கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ் மக்கள். அவர்களிலும் மிகப் பலர் ஊரில் சேரிக்கு வெளியே கால் வைக்கவும் அனுமதி பெறாதிருந்தவர்கள். சாதியின் பிடியிலிருந்து விடுபட வந்தவர்களுக்குத் தங்கவயல் ஒருவகையில் விடுதலை, மற்றொருவகையில் சிறை. லைன் வீடுகளில் குடியிருப்பு, சங்கொலிக்கு எழுவது, ஷிப்ட் முடிந்து மேலே வந்தவுடன் உடல் சோதனை. ஆடையை உதறிக் காட்டவேண்டும். வாயைத் திறந்து காட்டவேண்டும். தங்கத் திருட்டைத் தடுக்க வேண்டும் என்பது கம்பெனியாரின் நியாயம். திருட்டு நடக்கவேயில்லை என்று நாங்கள் சாதிக்கவில்லை, நடந்தது. ஆயினும் ஒருவன் செய்த திருட்டுக்காகப் பல்லாயிரவர் நாள்தோறும் சந்தேகத்துக்கு உரியவர்களாக நிற்கவேண்டியிருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

விரல் ரேகை என்னும் கருவி நம் நாட்டிலேயே முளைத்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. 1858-ஆம் ஆண்டு வங்காளத்தில் ஜங்கிப்பூரில் அதிகாரியாயிருந்த வில்லியம் ஹெர்ஷல் என்பவர், சாலைக்குச் சரளை தருவதாக ஒப்பந்தம் செய்த ஒருவரிடம் அவருடைய கைப்பதிவை வாங்கினார். பின்னாளில் ஒப்பந்தத்தை மறுக்காதிருக்கவே அவ்வாறு செய்தார். 1897-இல் கல்கத்தாவில் குற்றவாளிகளின் ரேகைகளை வகைப்படுத்தி வைக்கும் நிலையம் ஏற்பட்டது. அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்திய அதிகாரிகளின் கணித அறிவு அதற்குப் பெரிதும் துணை நின்றது. பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போயிற்று. இவ்வுலகில் அப்படித்தான் நடக்கிறது! அந்த ஹென்றியே 1900-இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று போலீஸ் துறையை ஒழுங்குபடுத்தினார். ரேகை முறையும் அவருடன் கடல் தாண்டியது.

அங்கே டிரான்ஸ்வாலில் 1906-ஆம் ஆண்டு, ஆசியர் யாவரும் தம் பெயரையும் ரேகைகளையும் பதிவு செய்து சீட்டு வைத்திருக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது, காந்தியடிகள் தலைமையில் இந்தியர் எதிர்த்தனர். சத்தியாக்கிரகம் என்னும் முறையே அப்போராட்டத்தில்தான் பிறந்தது. தம்பி நாயுடு முதலிய தமிழர் பலர் திரும்பத் திரும்பச் சிறை புகுந்தனர். அப்போராட்டத்தில் நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 1908-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அரசினருடன் உடன்பாடு ஏற்பட்டது. கட்டாயச் சட்டம் நீங்கும். இந்தியர் தாமாகப் பதிவு செய்துகொள்வர் என்பது ஏற்பாடு. காந்தியடிகள் தாமே முன்சென்று பத்து விரல் ரேகையும் கொடுக்கத் துணிந்தார். அதனைத் துரோகம் என்று கருதிய ஒருவர் அவரை அடித்து வீழ்த்தினார். பின்னர், கட்டாயச் சட்டம் நீங்கவில்லை என்று தெரிந்ததும், அதே ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் நகரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைத் தீயிலிட்டனர். ரேகை அதே ரேகைதான். முதலில் கொடுத்ததும் பின்னர் கொளுத்தியதும் ஒரே மனிதர்தாம். மாறியது ஒன்றே: விருப்பத்தோடு கொடுப்பதா, கட்டாயத்தால் பறிகொடுப்பதா என்பது.

இனித் தங்கவயலுக்குத் திரும்புவோம். 1930-இல் தொழிலாளர் அனைவரையும் விரல் ரேகையுடன் பதிவு செய்வது என்று ஏற்பாடாயிற்று. ரேகை என்பது சிறைக்குச் செல்பவனிடம் எடுப்பது என்பதே அன்றைய மக்கள் அறிந்த செய்தி. அத்துடன், ரேகைப் பதிவேடு ஒன்று ஏற்பட்டுவிட்டால், ஒரு சுரங்கத்தில் மேஸ்திரியோடு சண்டையிட்டு நீங்கியவன் அடுத்த சுரங்கத்தில் வேலை கேட்க இயலாது. பெயரை மாற்றிச் சொல்லலாம். விரலை மாற்ற இயலுமா? எனவே ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். அக்காலத்தில் அங்கே ஏற்கப்பட்ட தொழிற்சங்கம் இல்லை, நிதி இல்லை, மும்பை, கல்கத்தா போன்ற நகரங்களில் இருந்த தலைவர்களும் இல்லை. இருந்தும் ஏறத்தாழ மூன்று வாரம் நின்றனர். கூலி உயர்வு கேட்டு எழுந்த வேலை நிறுத்தம் அன்று அது. தம்மை எவ்வாறு எழுதி வைப்பது என்பதைப் பற்றி எழுந்த வேலை நிறுத்தம்.

அவர்கள் எழுத்தறியாதவர்கள் ஆகையால் பயந்துவிட்டனர் என்று சொல்வோரும் உளர். இதனை நாங்கள் ஒப்பவில்லை. கைநாட்டு வைப்பது அவர்களுக்குப் புதிதன்று. கடன் பத்திரத்தில் வைத்திருக்கின்றனர்; நிலம் விற்றபோது வைத்திருக்கின்றனர். அங்கெல்லாம் நாட்டு வைப்பவன் ஒரு செயலுக்குச் சம்மதம் தருகிறான். பதிவேட்டு ரேகையோ வேறு. அதில் அவன் எதற்கும் சம்மதிக்கவில்லை. அவனே ஒரு பொருளாக எடுத்து வைக்கப்படுகிறான். அப்பதிவை யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார், எதற்குப் பயன்படுத்துவார் என்பது அவனுக்குத் தெரியாது. எழுத்தறியாத அம்மக்கள் இவ்வேற்றுமையை நன்கு அறிந்திருந்தனர். எழுத்தறிந்த நாம் கைப்பேசியில் ‘சம்மதம்’ என்னும் பொத்தானை ஒரு நாளில் எத்தனை முறை அழுத்துகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கம் வரும்.

எங்கள் லைனில் முதியவர் ஒருவர் இருக்கிறார். முப்பதாண்டு பாறை துளைத்தவர். துளைக்கருவியின் அதிர்ச்சியாலும் கல்லின் உராய்வாலும் அவருடைய விரல்களில் ரேகை தேய்ந்துபோயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் நியாயவிலைக் கடையில் அவர் விரலை வைத்தபோது கருவி அவரை ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து வைத்தார், ஏற்கவில்லை. மறு கையை வைத்தார், ஏற்கவில்லை. மகனுடைய கைப்பேசிக்கு எண் ஒன்று வரும், அதைச் சொன்னால் போதும் என்றனர். மகனோ பெங்களூரில் இரவு வேலை முடித்து உறங்குகிறான். கடைக்காரர் பொல்லாதவர் அல்லர். அவரும் அந்த முதியவரை நாற்பதாண்டாக அறிந்தவர்தாம். ‘எனக்குத் தெரியும் தாத்தா, இதற்குத் தெரியவில்லையே’ என்று கருவியைக் காட்டினார். அன்று முதியவர் வெறும் பையோடு திரும்பினார்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். போலி அட்டைகளை வைத்துக்கொண்டு ஏழையின் அரிசியை விற்றுத் தின்றவர் இந்நாட்டில் குறைவல்லர். அதைத் தடுக்க அடையாளம் வேண்டும் என்பது மறுக்கக்கூடியதன்று. பிற மாநிலத்தில் வாழும் தமிழருக்கு ஒரு நன்மையும் உண்டு. சொந்த ஊர் அட்டையைக் கொண்டே வேறு மாநிலத்துக் கடையில் தானியம் வாங்கும் வசதி இப்போது இருக்கிறது. சூரத்தில் தறி ஓட்டுகிறவருக்கும் தில்லியில் இட்டலிக் கடை வைத்திருப்பவருக்கும் அது சிறு உதவி அன்று. ஆகவே பதிவே வேண்டாம் என்பது எங்கள் வாதம் அன்று. எந்த நிபந்தனையின்மேல், எதற்காக, எவ்வளவு காலம், தவறினால் யார் பொறுப்பு என்று கேட்கும் உரிமை பதிவு செய்யப்படுகிறவனுக்கு உண்டு என்பதே வாதம்.

இக்கேள்வியை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை கொண்டு சென்றவர்களில் ஒருவர் தங்கவயலிலேயே பிறந்தவர் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அவர் பெஜவாடா வில்சன். 1966-இல் தங்கவயலில், தெலுங்கு பேசும் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். சுரங்கக் குடியிருப்பின் உலர் கழிப்பிடங்களில் மனிதர் கையால் மலம் அள்ளிய காலம் அது. படித்து முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யச் சென்றபோது, அவரைக் கேளாமலே, அவர் விரும்பும் வேலை துப்புரவு என்று எழுதப்பட்டிருந்ததாக அவர் கூறியிருக்கிறார். பதிவேடு ஒருவனைப் பற்றி என்ன எழுதி வைக்கிறதோ அதுவே அவன் விதியாகிவிடுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வில்சன் செய்த பொதுப் பணியில் ஆழ்ந்த பொருள் உண்டு. உலர் கழிப்பிடங்கள் இல்லை என்று அதிகாரிகள் மறுத்த இடங்களிலெல்லாம் அவரும் அவருடைய தோழர்களும் சென்று எண்ணினர், படம் எடுத்தனர், மனு எழுதினர், வழக்குத் தொடுத்தனர். சபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கம் அவ்வாறே வளர்ந்தது. 2016-இல் நம் கருநாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்த அதே ஆண்டு வில்சனுக்கும் அவ்விருது கிடைத்தது. அரசினர் மறைத்ததை எண்ணி வெளிப்படுத்தியவர் இவர். அப்படிப்பட்டவரே, ஆதார் பதிவுக்கு எதிராக ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி மேஜர் ஜெனரல் வோம்பத்கேரேவுடன் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். இது முரண்பாடு என்று சிலர் நினைக்கலாம். ஊரார் பணத்தில் நடக்கும் காரியம் ஊரார் கண்ணுக்குத் திறந்திருக்க வேண்டும். தனி மனிதனுடைய உடலும் வீடும் அவன் திறந்தாலன்றித் திறக்கலாகாது. இரண்டும் ஒரே அறத்தின் இரு பகுதிகளே.

முதன்முதலில் 2012-இல் அவ்வழக்கைத் தொடுத்தவர் நீதிபதி கே.எஸ். புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்று, பெங்களூரில் வாழ்ந்தவர். மனுச் செய்தபோது வயது எண்பத்தாறு. ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு அமைதியாக இருந்திருக்கலாம். விசாரணை நடந்தபோது அரசுத் தரப்பில் எழுந்த வாதம் ஒன்று நாட்டையே திடுக்கிடச் செய்தது. இந்திய அரசியல் சட்டத்தில் அந்தரங்க உரிமை என்பதோர் அடிப்படை உரிமையே இல்லை என்றனர். அதற்குப் பழைய தீர்ப்புகள் இரண்டை மேற்கோள் காட்டினர். ஒன்று 1954-இல் எழுந்தது. மற்றொன்று 1962-இல் வந்த கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு மனிதனுடைய வீட்டுக் கதவைப் போலீசார் நள்ளிரவில் தட்டி, அவன் உள்ளே இருக்கிறானா என்று பார்த்துச் செல்வது வழக்கமாயிருந்தது. அவ்வாறு தட்டுவது தவறு என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அந்தரங்க உரிமை என்று ஒன்று இல்லை என்றும் பெரும்பான்மையோர் எழுதிவிட்டனர். முன்னர் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த சுப்பாராவ் அவர்கள் மாறுபட்ட கருத்தை எழுதினார். தனிமனித சுதந்திரத்துக்குள் அந்தரங்கமும் அடங்கும் என்பது அவர் துணிபு.

அந்த மாறுபட்ட கருத்து ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்தது. இடையே 1994-இல், ‘நக்கீரன்’ ஆசிரியர் தொடுத்த வழக்கில், தனித்து விடப்படும் உரிமையைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேசியது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கே. இறுதியில் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, ஒருவரும் மாறுபடாமல், அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. புட்டசாமி வழக்கு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அவர் 2024 அக்டோபரில், தம் 98-ஆம் வயதில் காலமானார்.

தீர்ப்பு வந்ததனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் ஆதார் சட்டத்தைப் பற்றித் தனித் தீர்ப்பு வந்தது. ஐவரில் நால்வர் சட்டத்தை ஏற்றனர், ஒருவர் மறுத்தார். அரசு உதவிகளுக்கும் வருமான வரிக்கும் அவ்வெண்ணைக் கேட்கலாம். பள்ளியில் சேரும் குழந்தையிடம் கட்டாயமாகக் கேட்கலாகாது. தனியார் கம்பெனிகள் கட்டாயப்படுத்தலாகாது என்றாயிற்று. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, வங்கியும் தொலைபேசிக் கம்பெனியும் வாடிக்கையாளரின் விருப்பத்தின்பேரில் பயன்படுத்தலாம் என்றனர். விருப்பம்! டிரான்ஸ்வாலில் கேட்ட அதே சொல். வேற்றூரில் அறை வாடகைக்குத் தேடும் இளைஞனிடம், ‘நகலைக் கொடு, இல்லையேல் அறை இல்லை’ என்று வீட்டுக்காரர் சொல்லும்போது அங்கே விருப்பம் எங்கே இருக்கிறது என்று சட்டம் கேட்பதில்லை.

சண்டிகர், நாகபுரி முதலிய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர் கையில், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கைக்கடிகாரத்தை மாட்டினர். சண்டிகர்த் தொழிலாளர் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். கழிப்பறைக்குச் சென்றாலும் அலுவலகம் அறியும் என்றால், அதை மாட்டிக்கொண்டு பெண்கள் எவ்வாறு வேலை செய்வர்? தங்கவயலில் வாயைத் திறந்து காட்டியவர்களின் வழிவந்த எங்களுக்கு அவர்களுடைய கோபம் எளிதில் விளங்குகிறது.

கைப்பேசிவழிக் கடன் கொடுக்கும் கம்பெனிகளின் கொடுமையும் அதே வகையினதே. ஐயாயிரம் ரூபாய் அவசரத்துக்குக் கடன் கேட்கிறவனுடைய பேசியிலிருந்து, அவன் உற்றார் உறவினர் எண்கள் யாவற்றையும் எடுத்துக்கொள்கின்றனர். தவணை தவறினால் ஊரிலுள்ள மாமனாருக்கும் தங்கை வீட்டாருக்கும் அவதூறு போகிறது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி வகுத்தது. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்புப் பட்டியலையும் தொடலாகாது என்பது அவ்விதி. மானத்துக்கு அஞ்சி வாய் மூடியிருக்கும் அன்பர்கள் இவ்விதி இருக்கிறது என்பதையாவது அறிந்திருக்கவேண்டும்.

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாயின. எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லியே சம்மதம் பெறவேண்டும், அரசியல் சட்டத்தின் அட்டவணை மொழிகளில் அதைப் படிக்கும் வாய்ப்பும் தரவேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றெல்லாம் அதில் உண்டு. தமிழும் அவ்வட்டவணையில் இருக்கிறது. மராட்டியத்திலோ குஜராத்திலோ இருந்தாலும், சம்மதத் தாளைத் தமிழில் கேட்பது சலுகை அன்று. ஆயினும் அரசுக்கு அச்சட்டம் தரும் விலக்குகள் மிக அகலமானவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு விதியையும் அது மாற்றிற்று. தனிநபர் விவரம் என்று சொல்லிப் பொதுக் காரியத்தை மறைக்க அது இடங்கொடுக்கும் என்று பத்திரிகையாளரும் மக்கள் இயக்கத்தாரும் குறை கூறுகின்றனர். எங்களுக்கும் அது நியாயமான குறையாகவே படுகிறது. ஏழையின் அந்தரங்கத்தைக் காக்கவேண்டிய திரை, ஏழையின் அரிசியை எடுத்தவனுக்குத் திரையாகிவிடலாகாது.

பிற மாநிலங்களில் உள்ள நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நன்றாகவே நடத்துகின்றன. மாதத்தில் ஒரு மாலை, யாருக்கு எங்கே விரல் மறுக்கப்பட்டது, யாரிடம் எதற்காக நகல் கேட்டார்கள் என்று எழுதி வைத்து, உரிய அதிகாரிக்கு ஒரே மனுவாக அனுப்பினால் என்ன? தனி ஒருவன் கேட்டால் கடைவாயிலில் தகராறு ஆகும். இருபது பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் அதற்குக் கோப்பு எண் விழும்.

எங்கள் லைனில் அவ்வாறே நடந்தது. அந்த முதியவர் வெறும் பையோடு திரும்பிய மறுவாரம், பக்கத்து வீட்டுப் பெண்கள் தெருத்தெருவாகச் சென்று கேட்டனர். ரேகை தேய்ந்தவர் அவர் ஒருவரல்லர். பழைய சுரங்கத்தார் பலர் இருந்தனர். பெயர்களை எழுதி, கருவி ஏற்காதவர்க்கு வேறு வழியில் பொருள் கொடுக்கவேண்டும் என்று மனுக் கொடுத்தனர். இரண்டு முறை அதிகாரி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டனர். மூன்றாம் முறை, கடையில் தனிப் பதிவேடு ஒன்று வைக்க உத்தரவாயிற்று.

இப்போது மாதந்தோறும் அம்முதியவர் கடைக்குச் செல்கிறார். இளமையில், சங்கத்தார் வைத்திருந்த இரவுப் பள்ளியில் தம் பெயரை எழுதப் பழகியவர் அவர். கடைக்காரர் பதிவேட்டைத் திருப்பி வைக்கிறார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரை எழுதுகிறார். பின்னால் நிற்பவர்கள் சிறிது நேரம் காத்திருக்கவேண்டியதாகிறது.